இன்னொருவரைக் கூப்பிடாமல்

(திருப்பதியில் தமிழ் அன்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பின்வரிசையில் கல்லூரிப் பிள்ளைகள் நிறையப் பேர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். செருப்புச் சத்தத்தை வைத்துப் பார்த்தால் உண்மை என்றுதான் தோன்றுகிறது. பேசி முடிப்பதற்குள் அவர்களிடம் ஒரு வேலை கேட்கப் போகிறேன்.

சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் நான் குடியிருந்த தெருவில் என் கடன் எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரியும். நானாக யாரிடமும் சொன்னதில்லை. வங்கியிலிருந்து கடிதம் வந்தால் பக்கத்து வீட்டு அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். தங்கமான மனிதர். ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. ஆனால் படிப்பது என்றால் அவருக்குத் திண்ணையில் உட்கார்ந்து சபைக்குப் படிப்பதுதான். அசல் இவ்வளவு, வட்டி இவ்வளவு, தவறிய தவணை இத்தனை என்று அவர் முடிப்பதற்குள் எதிர்வீட்டில் கோலம் போடுகிறவருக்கும் கணக்கு மனப்பாடம் ஆகிவிடும்.

என் தாயார் வேறு விதம். பெண் கொடுத்த வீட்டிலிருந்து வரும் கடிதங்களை அம்மாதான் படிப்பாள். சில வரிகளை விட்டுவிடுவாள். குரல் ஒரு நொடி நிற்கும். பிறகு, 'மற்றபடி எல்லாரும் சௌக்கியம்' என்று தொடரும். அந்த ஒரு நொடியில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாமனாரும் இல்லை, அம்மாவும் இல்லை. இனிக் கேட்கவும் ஆளில்லை.

பதினோரு வயதில் பார்வை போனவன் நான். முப்பது ஆண்டுக்கு மேல் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். போரஸும் புலிகேசியும் எந்த ஆண்டில் என்ன செய்தார்கள் என்று சொல்லத் தெரிந்தவனுக்குத் தன் வீட்டு மின்கட்டணம் எவ்வளவு என்று இன்னொருவர் சொல்லித்தான் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வங்கிக் கடிதத்தைக் கைப்பேசியால் படம் பிடித்து, செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்றிடம் கொடுத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போன் வைத்துக்கொண்டு கேட்டேன். வட்டி விகிதம் கால் சதவீதம் ஏறியிருக்கிறது என்ற செய்தி. சந்தோஷப்பட அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் இரண்டாம் முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். என் கடிதத்தை நானே கேட்டது அன்றுதான்.

'செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தச் செய்வது எப்படி' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இதற்குத் தர விதிகள் உண்டு, பக்கம் பக்கமாக. 1999இல் உலகளாவிய வலைக்கூட்டமைப்பு இணையதளங்களுக்கான தன் முதல் அணுகல் விதித்தொகுப்பை வெளியிட்டது. நம் நாட்டிலும் ஐஎஸ் 17802 என்று ஒரு தரம் இருக்கிறது. அவற்றைப் பொறியாளர்கள் படிக்கட்டும். என்னிடம் இருப்பது ஒரே ஒரு கேள்வி. இந்தக் கருவியைப் பயன்படுத்தி வேலையை முடிப்பதற்குள் இன்னொருவரைக் கூப்பிட வேண்டி வந்ததா?

திரையில் இருப்பதைக் குரலாக்கும் மென்பொருள் புதிதல்ல. மோட்டார் சைக்கிள் பந்தயக்காரராக இருந்து விபத்தில் பார்வை இழந்த டெட் ஹென்டர் என்ற அமெரிக்கர் 1989இல் ஜாஸ் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தார். அருமையான கருவி. அதன் விலை நம்மூர் ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாதது. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற இளைஞர் என்விடிஏ என்ற ஒன்றைத் தொடங்கினார். ஜேம்ஸ் டே என்ற நண்பர் சேர்ந்துகொண்டார். இருவருக்கும் பார்வை கிடையாது. சிறுவயதில் ஓர் இசை முகாமில் பழகியவர்கள். அந்த மென்பொருளை இலவசமாகக் கொடுத்தார்கள். இன்று இந்தியாவில் பார்வையற்ற பிள்ளை ஒன்று கணினி படிக்கிறது என்றால் பெரும்பாலும் அதன் புண்ணியம்தான்.

ஆனால் அவை தொடக்கத்தில் எழுத்தைத்தான் படித்தன. படத்தைப் படிக்கவில்லை. தமிழுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. யூனிகோடு பரவுவதற்கு முன்னால் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தோம். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குப்பை. உங்களுக்கு அழகான பாமினியில் தெரிந்த கல்யாணப் பத்திரிகையை என் கணினி பைத்தியம் பிடித்ததுபோல் உளறும். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடுக்கு மாறியது. இருந்தும் கையெழுத்துப் போட்ட காகிதத்தை ஸ்கேன் செய்து படமாக ஏற்றும் பழக்கம் தமிழ்நாடு, ஆந்திரம் இரண்டு மாநிலங்களிலும் போகவில்லை. எனக்கு அது வெள்ளைத்தாளாக இருந்தது.

இந்தச் சுவரைத்தான் புதிய உதவியாளர்கள் உடைத்தார்கள். டென்மார்க்கில் ஹான்ஸ் யோர்கன் வைபர்க் என்பவர், அவருக்கும் பார்வைக் குறைபாடு உண்டு, 2015இல் 'பி மை ஐஸ்' என்ற செயலியைத் தொடங்கினார். பார்வையற்றவர் காணொளி அழைப்பில் கூப்பிட்டால், உலகில் எங்கோ இருக்கும் தன்னார்வலர் ஒருவர் பார்த்துச் சொல்வார். 'இந்தச் சட்டை என்ன நிறம்', 'பால் பாக்கெட்டில் என்ன தேதி' என்று கேட்கலாம். 2023இல் அதே செயலியில் ஜிபிடி-4 என்ற மொழி மாதிரியைச் சேர்த்தார்கள். தன்னார்வலருக்குப் பதில் இயந்திரமே படத்தைப் பார்த்துச் சொன்னது. இன்னொருவரைக் கூப்பிடுவதற்காகவே உண்டாக்கிய செயலி, கூப்பிடத் தேவையில்லாத செயலியாக மாறியது. என் கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, முழு மதிப்பெண் கொடுத்துவிடலாமா? கொடுக்க மாட்டேன். வாத்தியார் புத்தி.

நான் 'படி' என்றால் அது பல நேரங்களில் சுருக்கிச் சொல்கிறது. 'இது உங்கள் கடன் கணக்கைப் பற்றிய கடிதம், வட்டி மாற்றத்தைத் தெரிவிக்கிறது' என்கிறது. அம்மாவின் அந்த ஒரு நொடி மௌனம் எனக்கு ஞாபகம் வந்துவிடுகிறது. எந்த வரியை விட்டாய்? கண்ணுள்ளவருக்குச் சுருக்கம் ஒரு வசதி, மூலம் கையில் இருக்கிறது. எனக்குச் சுருக்கம்தான் மூலம். ஆகவே 'ஒரு சொல்லும் விடாமல் உள்ளபடி படி' என்று ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்குகிறேன். கேட்கத் தெரியாதவர் என்ன செய்வார்?

அடுத்தது பெரிய சங்கதி. என் மனைவியின் மாத்திரை அட்டையைப் படம் பிடித்தேன். பாதி மாத்திரைகளைக் கிழித்து எடுத்துவிட்ட அட்டை. உதவியாளர் மருந்தின் பெயரைச் சொன்னது, அளவைச் சொன்னது, காலாவதி மாதத்தையும் ஆண்டையும் கணீரென்று சொன்னது. அந்தத் தேதி அச்சிட்டிருந்த பகுதியே அட்டையில் இல்லை என்று பிறகு என் மகள் பார்த்துச் சொன்னாள். அது பொய் சொல்ல நினைத்துச் சொன்னதல்ல. இந்த மாதிரிகள் அடுத்து வரக்கூடிய சொல் எது என்று கணித்துக் கணித்துத்தான் பேசுகின்றன. மாத்திரை அட்டை என்றால் தேதி இருக்கும், ஆகவே ஒரு தேதி வந்து விழுகிறது. கண்ணுள்ளவர் அட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார். நான் நம்பி எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

இப்போது மாத்திரை விஷயத்தில் மகளைத்தான் கூப்பிடுகிறேன். என் தேர்வில் அது தோல்வி. செய்ய வேண்டியது என்ன? 'தேதி இருக்கும் பகுதி படத்தில் இல்லை' என்று சொல்லப் பழக வேண்டும். 'அட்டையைத் திருப்புங்கள், கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்துங்கள்' என்று கேட்க வேண்டும். சில உதவியாளர்கள் சில நேரம் அப்படிச் சொல்வதுண்டு. மருந்து விஷயத்தில் 'சில நேரம்' என்பது போதாது.

சின்னச் சின்ன இம்சைகளையும் சொல்லிவிடுகிறேன், வேகமாக. பதில் வளர வளரத் திரைப்படிப்பான் ஆரம்பத்திலிருந்து படிக்கத் தொடங்கும். பெயர் சூட்டாத பொத்தான்கள், 'பட்டன், பட்டன், பட்டன்' என்று வரிசையாக ஒலிக்கும்; எது அனுப்புவது, எது அழிப்பது என்று தடவித் தெரிந்துகொள்ள வேண்டும். தடித்த எழுத்துக்காகப் போட்ட குறிகளை 'ஸ்டார் ஸ்டார்' என்று படிக்கும். ஓர் இரங்கல் செய்தியை எழுதித் தரச் சொன்னேன். நடுவில் 'கூப்பிய கைகள், உடைந்த இதயம்' என்று பொம்மைகளின் பெயரை வாசித்தது. இவையெல்லாம் ஒரு மதியத்தில் திருத்தக்கூடியவை. திருத்தாததற்குக் காரணம், செய்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை பயன்படுத்திப் பார்க்காததுதான்.

இப்போது நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். 1911இல் வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் துண்டு துண்டாக எடுத்துச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் ஆக்கினார்கள். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தின் பக்கம் போயிற்று. நாம் ஆந்திரப் பக்கம் நின்றோம். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று. கோடு எத்தனை முறை மாறினாலும் நம் வாய் மாறவில்லை. வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, ஆபீசில் பாதி ஆங்கிலம். ஒரே வாக்கியத்தில் மூன்றும் வரும். ஊனச் சான்றிதழான சதரத்துக்கு நாள் கேட்டு, 'சதரம் ஸ்லாட்டு எப்ப கெடைக்கும், கொஞ்சம் செப்பு' என்று நம்மில் யாராவது கேட்டால் யாருக்கும் புரியாமல் போகாது. இயந்திரத்துக்குப் போகிறது. முதலில் மொழியைத் தேர்ந்தெடு என்கிறது. தமிழ் என்றால் 'சொல்' என்ற பொருளில் வந்த தெலுங்குச் 'செப்பு' உலோகமாகிவிடும். தெலுங்கு என்றால் 'கெடைக்கும்' காணாமல் போய்விடும்.

இந்த இடத்தில் ஒரு பெருமை அடித்துக்கொள்ள அனுமதியுங்கள். பார்வையற்றவர்களான எங்களுக்கு இந்த மொழிச் சிக்கல் 1951லேயே தீர்ந்துவிட்டது. அந்த ஆண்டில்தான் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் பாரதி பிரெய்ல் வந்தது. ஆறு புள்ளிகள், அறுபத்து மூன்று வடிவங்கள். எந்த மொழியானாலும் ஒரே ஒலிக்குப் பெரும்பாலும் ஒரே புள்ளி வடிவம். தமிழ் 'அ'வும் தெலுங்கு 'அ'வும் முதல் புள்ளிதான். தமிழ் 'க'வும் தெலுங்கு 'க'வும் ஒன்றும் மூன்றும்தான். நான் தமிழில் பிரெய்ல் படித்தவன். பள்ளியில் ஒருநாள் யாரோ கையில் கொடுத்த புத்தகத்தைத் தடவிப் படித்துக்கொண்டே போனேன். இரண்டு வரி தாண்டிய பிறகுதான் அது தெலுங்குப் புத்தகம் என்று தெரிந்தது. விரல் எல்லையைத் தாண்டிவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை. 'ழ' வந்தால் தமிழ் என்று தெரிந்துகொள்வோம், அவ்வளவுதான்.

எழுபது ஆண்டுக்கு முன் ஆறு புள்ளிகளால் செய்ததைக் கோடிக்கணக்கில் செலவிட்டுச் செய்யும் இயந்திரம் ஏன் செய்யக்கூடாது? முயற்சி இல்லாமல் இல்லை. சென்னை ஐஐடியில் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிப் பேச்சுகளைச் சேகரித்து வெளியிடுகிறது. மத்திய அரசு 2022இல் பாஷிணி என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் அவற்றின் அட்டவணையில் மொழிகள் தனித்தனிக் கட்டங்களில் நிற்கின்றன. நம் எல்லையோரத்து நகரியும் புத்தூரும் சத்தியவேடும் குப்பமும் எந்தக் கட்டத்தில் நிற்கும்? தமிழ்க் குரல் ஒன்று தெலுங்கு எழுத்தைக் கண்டால் மௌனமாகத் தாண்டிப் போவதை நான் அடிக்கடி கேட்கிறேன். தெலுங்கில் வந்த அரசுச் செய்தியின் நடுவே இருக்கும் எண்கள் மட்டும் தமிழில் ஒலிக்கும். என்னவோ இரண்டாயிரம், எதற்கோ பதினைந்தாம் தேதி. பணம் வருகிறதா போகிறதா என்று தெரியாது.

புத்தூர் என்றதும் உங்களுக்கெல்லாம் கட்டு ஞாபகம் வந்திருக்கும். எலும்பு முறிந்தால் சென்னையிலிருந்தும் ஆள் வரும் ஊர். பச்சிலை அரைத்துப் போட்டுக் கட்டுகிற அந்த வைத்தியத்தைப் பற்றி டாக்டர்களுக்கு ஆயிரம் கருத்து இருக்கலாம், அது எனக்கு வேண்டாம். எனக்குப் பிடித்தது, கட்டுகிறவர் முதலில் தொட்டுப் பார்ப்பது. எங்கே வலிக்கிறது, இங்கேயா, இன்னும் கீழேயா என்று கேட்டுக் கேட்டு அந்த ஆளின் கைக்கு ஏற்றபடிதான் கட்டு விழும்.

அந்த ஊரில் என் பெரியம்மா ஒருத்தி. பக்கவாதத்துக்குப் பிறகு வாய் குழறும். ஒவ்வொரு சொல்லும் மெதுவாக, நடுவில் மூச்சு வாங்கி வரும். பக்கத்திலேயே இருக்கும் மருமகளுக்குப் புரியும், எனக்கும் புரியும். பேரன் கைப்பேசியில் உதவியாளரைக் காட்டி, 'பேசு ஆயா' என்றான். 'எனக்கு...' என்று ஆரம்பித்து மூச்சு வாங்கினாள். அதற்குள் டிங் என்று ஒரு மணி. 'மன்னிக்கவும், புரியவில்லை.' மறுபடியும் 'எனக்கு...' மறுபடியும் டிங். மூன்றாம் முறை பெரியம்மா ஒரு சொல்லைத் தெளிவாகச் சொன்னாள். அதை இந்த மேடையில் சொல்ல முடியாது. இயந்திரத்துக்கு அது நன்றாகப் புரிந்திருக்க வேண்டும், பிறகு பேசவில்லை.

இதன் காரணம் எளிது. பேச்சு எங்கே முடிகிறது என்பதை மௌனத்தை வைத்து இயந்திரம் முடிவு செய்கிறது. ஒரு நொடியோ ஒன்றரை நொடியோ சத்தம் இல்லையென்றால் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். திக்குகிறவருக்கும், பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்கும், பார்க்கின்சன் நோயாளிக்கும் அந்த மௌனம் வாக்கியத்தின் நடுவில் இருக்கிறது. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைப் பயனாளரே வைத்துக்கொள்ள ஓர் அமைப்பு இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி, அந்தக் குரல்களை அது கேட்டே பழகவில்லை என்பது. கூகுள் 2019இல் யூபோனியா என்று இதற்காக ஒரு திட்டம் தொடங்கியது. 2022இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பேச்சுக்குறை உள்ளவர்களின் குரல்களைத் தொகுக்கும் பணி ஆரம்பமானது. அமேசான், ஆப்பிள், கூகுள், மெட்டா, மைக்ரோசாஃப்ட் ஐந்தும் சேர்ந்து ஆதரித்தன. தண்ணீருக்குக்கூடச் சண்டை போடும் கம்பெனிகள்! தொடங்கியது ஆங்கிலத்தில்தான்.

தமிழில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. சென்னையை அடுத்த எஸ்எஸ்என் பொறியியல் கல்லூரியில் பேச்சுத் தசை பாதித்தவர்களின் தமிழ்ப் பேச்சைத் தொகுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். பேசவே முடியாத பிள்ளைகளுக்காக, படங்களைத் தொட்டால் வாக்கியமாகப் பேசும் 'அவாஸ்' கருவியை அஜித் நாராயணன் சென்னையில் உருவாக்கினார். கோட்டூர்புரத்து வித்யாசாகர் பள்ளியின் பிள்ளைகளோடு பழகிச் செய்தது அது. தொட்டுப் பார்த்துக் கட்டிய கட்டு என்பேன்.

காது கேளாதவர்களுக்கு இந்தத் தொல்லையில்லை, எழுத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளலாமே என்று நான்கூட நினைத்திருந்தேன். காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியை என்னைத் திருத்தினார். 'ஐயா, பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு நீங்க எழுதுற தமிழ் இரண்டாவது மொழி. அதோட தாய்மொழி கையில இருக்கு' என்றார். சைகை மொழிக்குத் தனி இலக்கணம். நாம் எழுதும் வாக்கிய வரிசை அதில் கிடையாது. பேசுவதை உடனுக்குடன் எழுத்தாக்கும் செயலிகள் 2019 முதல் வந்துவிட்டன, தமிழ் தெலுங்கு இரண்டிலும். இடையில் செவி இழந்தவருக்கு அவை பெரிய உதவி. பிறவியிலேயே காது கேளாமல் சைகையில் வளர்ந்தவருக்கு அவை பாதி வழிதான்.

தில்லியில் இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி மையம் வெளியிட்ட அகராதி பத்தாயிரம் சொற்களை எட்டியது 2021இல். அதற்கு முந்தைய ஆண்டில், நான் சொன்ன ஏஐ4பாரத் குழு, அடையாறு செயின்ட் லூயிஸ் பள்ளியைச் சேர்ந்தவர்களின் உதவியோடு சைகைகளைப் படம் பிடித்து, இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க ஒரு தொகுப்பை உருவாக்கியது. 263 சொற்கள், 4,287 காணொளிகள். பத்தாயிரத்தில் 263. அதுவும் தனித்தனிச் சொற்கள், வாக்கியங்கள் இல்லை. இதே திருப்பதியில் தேவஸ்தானம் காது கேளாதோர் பள்ளி நடத்துகிறது. அந்தப் பிள்ளைகளின் கைகளிலும் இயந்திரம் இன்னும் பார்க்காத சொற்கள் இருக்கும்.

அரசு பக்கம் பார்ப்போம். ஆந்திர அரசு 2025 ஜனவரி 30ஆம் தேதி வாட்ஸ்அப்பில் 'மன மித்ரா' என்ற அரசுச் சேவையைத் தொடங்கியது. முதல் கட்டத்தில் 161 சேவைகள். நான் இதை வரவேற்கிறேன், அதற்குக் காரணமும் உண்டு. எங்களைப் போன்றவர்களுக்குப் புதுச் செயலி என்றால் புது வீடு மாதிரி. எங்கே சுவர், எங்கே படி என்று முதலிலிருந்து தடவ வேண்டும். வாட்ஸ்அப் ஏற்கெனவே பழகிய வீடு. அதற்குள்ளேயே அரசு வந்து உட்கார்ந்தது நல்ல யோசனை. வருகிற பதில் எழுத்தாக வந்தால் கேட்டுக்கொள்வேன். படமாகவோ ஸ்கேன் செய்த தாளாகவோ வந்தால் அதை இன்னொரு உதவியாளரிடம் கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் பேரனைக் கூப்பிட வேண்டும். நம் வீட்டுத் தமிழையும் அதற்குப் பழக்கிவிட்டால் எல்லையோரம் பிழைத்துக்கொள்ளும்.

இந்தச் சேவைகளில் பணமும் சம்பந்தப்பட்டிருக்கிறது. மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2024 ஜூலையிலிருந்து மாதம் ஆறாயிரம் ரூபாய், படுக்கையிலேயே இருப்பவர்களுக்குப் பதினைந்தாயிரம். அதற்குச் சதரம் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்கு ஸ்லாட் வேண்டும். எத்தனை சதவீதம் ஊனம் என்று டாக்டர் எழுதுவார். ஒரு சதவீதம் குறைந்தால் ஒரு குடும்பத்தின் அரிசி குறையும். இந்தச் சங்கதிகளை உதவியாளரிடம் கேட்டால் தப்பில்லாமல் சொல்ல வேண்டும், தெரியாவிட்டால் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்றாவது சொல்ல வேண்டும்.

பெயர் பற்றி ஒரு வார்த்தை. ஊனமுற்றோர் என்றார்கள். கலைஞர் மாற்றுத்திறனாளி என்று மாற்றினார். தில்லி திவ்யாங் என்றது. இங்கே விபின்ன பிரதிபாவந்துலு என்கிறார்கள். எனக்கு எல்லாப் பெயரும் சம்மதம். நான்கு பெயர் மாறியும், நான் போகிற அலுவலகத்தின் வாசற்படி உயரம் மட்டும் மாறவில்லை.

சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை இருபத்தொன்றாக விரித்தது. 2024 நவம்பர் 8ஆம் தேதி, ராஜீவ் ரத்தூரி வழக்கில், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்தது 2025 ஏப்ரல் 30. அமில வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்த பிரக்யா பிரசூன் தொடுத்த வழக்கு. வங்கிக் கணக்குத் தொடங்கக் கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னார்கள். சிமிட்ட இமை இல்லாதவர் என்ன செய்வார்? நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, மின்னணு வழி அணுகல் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து இருபது உத்தரவுகள் போட்டது. கண் சிமிட்டுவது உயிரோடு இருப்பதற்கு அடையாளம் என்று நினைத்த மென்பொருளுக்கு உயிர் என்றால் என்ன என்று நீதிமன்றம் சொல்லிக்கொடுக்க வேண்டி வந்தது.

இன்னொரு சட்டத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சட்டப்படி காப்பாளர் உள்ள மாற்றுத்திறனாளியின் தரவைக் கையாளக் காப்பாளரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. குழந்தைகளுக்குச் சொன்ன அதே பிரிவில், அதே வாக்கியத்தில். நல்லெண்ணம்தான். ஆனால் அந்த மனிதர் ஓர் உதவியாளரிடம் தன் மனத்தில் உள்ளதை ஒரு கேள்வியாகக் கேட்பதற்கு முன்னால், வாசலிலேயே இன்னொருவரைக் கூப்பிட வேண்டும்.

என் பக்கத்து வீட்டு அண்ணன் என் கணக்கைத் தெருவுக்குச் சொன்னார். இந்த இயந்திரம் எங்கே சொல்கிறது? நான் படம் பிடித்த கடிதம் கிரீம்ஸ்பேட்டையை விட்டு எங்கோ ஒரு கம்பெனியின் கணினிக்குப் போய்த்தான் திரும்புகிறது. கண்ணுள்ளவர் எந்தக் காகிதத்தைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பார். எது என்ன காகிதம் என்று தெரிந்துகொள்ளவே நான் அதைக் காட்டியாக வேண்டும். ஆகவே படிக்கிற வேலையைக் கைப்பேசிக்குள்ளேயே முடிக்கும் சிறு மாதிரிகள், இணையம் இல்லாமலும் ஓடுகிறவை, எங்களுக்கு ஆடம்பரம் இல்லை, அடிப்படைத் தேவை. ரிசர்வ் வங்கி 2020இல் தந்த மணி செயலி ரூபாய் நோட்டை அப்படித்தான் சொல்கிறது. இணையம் இல்லாவிட்டாலும் சொல்லும்.

இதெல்லாம் சிலருக்காக இவ்வளவு செலவா என்று கேட்பவர்கள் உண்டு. 2011 கணக்கெடுப்பில் நாங்கள் 2 கோடியே 68 லட்சம் பேர். அந்தக் கணக்கும் வேண்டாம். இது திருப்பதி, மலையையே பாருங்கள். 1944இல் மலைப்பாதை போடுவதற்கு முன்னால் அலிபிரியில் மூவாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் படி. ஏற முடியாதவர் டோலி தூக்க ஆள் கூப்பிட வேண்டும். பாதை போட்ட பிறகு இன்றைக்குப் பேருந்தில் ஏறுகிற கூட்டத்தில் நடக்க முடியாதவர் எத்தனை பேர், நடக்க முடிந்தவர் எத்தனை பேர்? காரோட்டிக்கொண்டே வாயால் செய்தி அனுப்புகிறீர்களே, அந்தப் பேச்சுத் தட்டச்சு கை அசையாதவர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே பிழைப்பாக வைத்திருந்தது.

செய்பவர் யார் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பதினான்கு வயதில் பார்வை இழந்த டி. வி. ராமன், கணிதச் சூத்திரங்களைக் காதால் படிக்கும் முறையை 1994இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காகச் செய்தார். தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொண்டார், பிறகு உலகத்துக்குக் கொடுத்தார். சித்தூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் வேலூர். அங்கே சிஎம்சி மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் எழுந்தது அவரால்தான். நாற்காலியில் உட்கார்ந்தவர் திட்டமிட்ட கட்டடத்தில் சரிவுப் பாதையை யாரும் மறக்கமாட்டார்கள்.

பின்வரிசைப் பிள்ளைகளே, நான் கேட்பதாகச் சொன்ன வேலை இதுதான். ஏர்ப்பேட்டில் ஐஐடி இருக்கிறது, பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, கைப்பேசி உங்கள் எல்லார் கையிலும் இருக்கிறது. நம் எல்லையோரத்துப் பேச்சைப் பதிவு செய்யுங்கள். தமிழும் தெலுங்கும் கலந்த பேச்சு, குழறுகிற பேச்சு, திக்குகிற பேச்சு. என் பெரியம்மா மாதிரி ஆட்களிடம் எதற்காக என்று சொல்லி, சம்மதம் கேட்டு, அவர்கள் நேரத்துக்குக் கூலி கொடுத்துப் பதிவு செய்யுங்கள், இலவசமாக வாங்காதீர்கள். நீங்கள் ஏதாவது செயலி செய்தால், எங்களில் ஒருவரை உட்காரவைத்துக் கையில் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் பாருங்கள். எந்த இடத்தில் அவர் 'தம்பி' என்று உங்களைக் கூப்பிடுகிறாரோ, அந்த இடத்தைத் திருத்துங்கள்.

அமைப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்தக் கூட்டத்தின் அழைப்பிதழ் எனக்கு வாட்ஸ்அப்பில் படமாக வந்தது. கைப்பேசி 'போட்டோ' என்று மட்டும் சொன்னது. உதவியாளரிடம் கொடுத்தேன். மண்டபத்தின் பெயரைச் சரியாகப் படித்தது, நேரத்தைச் சரியாகப் படித்தது, பேச்சாளர் பெயரை மட்டும் அலங்கார எழுத்தில் போட்டிருந்ததால் வேறு யாருடைய பெயராகவோ படித்தது. யாரோ நன்றாகப் பேசப் போகிறார், போய்க் கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மனைவியைக் கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் அது நான் என்று தெரிந்தது. அடுத்த கூட்டத்துக்குப் படத்தின் கீழே நான்கு வரி எழுத்தாகவும் சேர்த்து அனுப்புங்கள்.